தானே திருந்திய மோட்டார்

நகர நீரகற்று வாரியம் எழுபத்து மூன்றாம் வருடம் ஒரே மாதிரி ஏழு மோட்டார்களை வாங்கியது. ஒவ்வொன்றும் இருநூறு குதிரைத் திறன். அவற்றில் முதலாவது ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் இருந்த பம்ப் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது. வந்த அன்று அதை இறக்கி வைக்க இடம் இருந்தது. பொருத்தி வைக்க இடம் இல்லை. கட்டடப் பிரிவு கட்டியிருந்த மேடையில் போல்ட்டுகள் ஓர் அளவில் நின்றன; மோட்டாரின் காலில் ஓட்டைகள் வேறோர் அளவில் இருந்தன. எந்த அளவு சரி என்று தீர்மானிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. மோட்டாரின் அளவுதான் சரி என்று முடிவு செய்தார்கள். மேடையை இடிக்கலாம், மோட்டாரை இடிக்க முடியாது என்பது காரணம்.

அந்தப் பதினான்கு மாதமும் மோட்டார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பொன்னுரங்கம் அதைப் பார்த்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் அந்த பம்ப் ஹவுஸில் இருபத்தாறு வருடமாக ஆபரேட்டர். அதற்கு முன்னால் பெரம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் மோட்டார் வேலை கற்றவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சும்மா கிடக்கிற மோட்டாரின் தண்டை வாரம் ஒரு முறை கையால் கால் சுற்று திருப்பி வைக்காவிட்டால் பேரிங் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளமாகிவிடும் என்பதும், உள்ளே ஒரு பல்பு எரிந்துகொண்டே இருந்தால்தான் கம்பிச் சுருளில் ஈரம் ஏறாது என்பதும் அவருக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே இரண்டையும் செய்தார். ஒரு முறை பார்வையிட வந்த அதிகாரி, பட்டப்பகலில் தார்ப்பாய்க்குள் விளக்கு எரிவதைக் கண்டு, மின்சாரத்தை வீணாக்குவதாக எழுதிவிட்டுப் போனார். அவர் ஜீப் தெருமுனை திரும்பும் வரை பொன்னுரங்கம் பல்பை அணைத்து வைத்திருந்தார்.

பம்ப் ஹவுஸின் வேலை எளியது. சுற்றுவட்டாரத் தெருக்களின் மழைத் தண்ணீரும் சாக்கடையும் அங்கே ஒரு பெரிய கிணற்றில் வந்து விழும். அதை மேலே இறைத்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கிணறு நிரம்பும். கிணறு நிரம்பினால் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் குடிசைகள் நிரம்பும். அதற்குப் பிறகுதான் அண்ணாமலைபுரத்து பங்களாக்களின் முறை. பள்ளத்தில் நூற்றுப்பத்துக் குடும்பங்கள் இருந்தன. அதில் ஒன்று பொன்னுரங்கமும் அவர் மனைவி தேவானையும். அடுத்த மே மாதம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. ஓய்வு பெற்றதும் காஞ்சிபுரத்தில் மகள் சொர்ணத்தின் வீட்டுக்குப் போய்விடுவது என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். சொர்ணத்துக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். "இன்னொரு மழைக்கு நான் இந்தப் பள்ளத்துல நிக்க மாட்டேன்" என்று தேவானை சொல்லி வைத்திருந்தாள்.

எழுபத்தைந்தாம் வருடம் தை மாதம் திறப்பு விழா நடந்தது. பழைய மோட்டார்கள் இரண்டையும் முந்தின வாரமே கழற்றிக் கொண்டு போயிருந்தார்கள், புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று. வாழைமரம் கட்டினார்கள். வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஆராவமுதன் பேசினார். மயிலாப்பூர்க்காரர். வீட்டில் ஒரு தமிழ், மேடையில் ஒரு தமிழ்.

"இந்த மின்னோடி சுழல்வது வெறும் சுழற்சியன்று. வாரியத்தின் சுழற்சி. எங்கள் வாரியத்தில் எவரும் எதையும் கண்ணால் பார்த்துவிட்டுச் செய்வதில்லை. அனைத்தும் வரைபடத்தின்படியே நடக்கும். வரைபடம் ஒருபோதும் களத்துக்கு வந்ததில்லை, ஆகவே அதில் களங்கம் ஏற்பட வழியே இல்லை" என்றார். கைதட்டினார்கள்.

விழாவின் சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார். பொன்னுரங்கம் ஸ்டார்ட்டரின் கைப்பிடியைப் பல் பல்லாக நகர்த்தினார். மோட்டார் உறுமி, வேகம் பிடித்து, சீரான குரலுக்கு வந்தது. பதினான்கு மாதம் பார்த்து வளர்த்த பொருள் பேசுகிற மாதிரி இருந்தது அவருக்கு. அடுத்த நிமிடம் அவர் முகம் மாறியது. பம்பின் உடம்பில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறி இரும்பிலேயே வார்த்திருந்தது. மோட்டார் அதற்கு நேர் எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மோட்டாருக்கு மூன்று கம்பிகள் வருகின்றன. அவற்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் போட்டால் சுற்றும் திசை மாறிவிடும். இவ்வளவுதான் விஷயம். பொன்னுரங்கம் மெல்ல நகர்ந்து செயற்பொறியாளர் சுயம்புலிங்கத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"சார், உல்ட்டாவா சுத்துது சார்."

"என்னது?" சுயம்புலிங்கம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் திருநெல்வேலிக்காரர்.

"மோட்டார் சார். அம்பு அந்தாண்ட காட்டுது. இது இந்தாண்ட சுத்துது. ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சரியாப்பூடும். அரை மணி வேல."

"சும்மா கெடவே. போட்டோ எடுக்கான்லா."

விழா முடிந்ததும் மோட்டாரின் கம்பிப் பெட்டியை மூடி, இரும்புக் கம்பி சுற்றி, ஈய முத்திரை குத்தினார்கள். வேலை முழுமையாக முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். எல்லோரும் போன பிறகு பொன்னுரங்கம் மறுபடி கேட்டார். சுயம்புலிங்கம் பொறுமையாக விளக்கினார்.

"இனி அந்தப் பெட்டியைத் தொறக்கணும்னா குறை இருக்குன்னு யாராவது எழுதணும். ஒரு குறையும் இல்லைன்னு காலைல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். சாயந்தரம் நானே குறைன்னு எழுதுனா என்னையப் பத்தி என்ன நெனைப்பாங்க? கையெழுத்துப் போடாதவன் இங்க நீ ஒருத்தன்தான். நீயே எழுது வே."

பொன்னுரங்கம் பம்ப் ஹவுஸ் பதிவேட்டில் எழுதினார்: ‘மோட்டார் தலைகீழா சுத்துது. தண்ணி ஏறல. பொன்னுரங்கம்.’

மூன்று வாரத்தில் வாரியத்திலிருந்து பதில் வந்தது.

‘மேற்படி மின்னோடி தவறான திசையில் சுழல்வதாகத் தாங்கள் குறித்திருப்பது, சரியான திசை என ஒன்று உண்டெனத் தாங்கள் தன்னிச்சையாக முடிவு செய்துள்ளதைக் காட்டுகிறது. திசையை முடிவு செய்யும் அதிகாரம் எந்த ஆணையின்படி தங்களுக்கு வழங்கப்பட்டது என்பதையும், மின்னோடி சுழல்வதைத் தாங்கள் அறிந்தது எவ்வாறு என்பதையும் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’

அதை அவர் நான்கு முறை படித்தார்.

"இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள் தேவானை.

"யாரு உன்னப் பாக்கச் சொன்னதுன்னு கேக்கறாங்க."

"கண்ணு கீது, பாத்தேன்னு எழுது."

அவர் அப்படியே எழுதினார். அந்த ஒரு வரியால் அவர் கண்கண்ட சாட்சி ஆனார். மோட்டாரின் சுழற்சி பற்றி ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. குழுவின் முதல் ஆணை சாட்சியைப் பற்றியது. விசாரணை முடியும் வரை சாட்சிக்கு விடுப்பு இல்லை, இட மாற்றம் இல்லை. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் சாட்சி மோட்டாரின் அருகிலேயே இருக்க வேண்டும். மற்ற ஷிப்ட் ஆபரேட்டர்கள் இருவரையும் கேட்டார்கள். தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இருவருக்கும் கேட்ட இடத்துக்கு மாற்றல் கிடைத்தது.

மோட்டார் ஓடும் நேரம் எது என்பதில்தான் சிக்கல். கிணற்றில் தண்ணீர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்தலாம் என்பது விதி. தலைகீழாகச் சுற்றும் பம்ப் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும், வந்து விழுகிற சாக்கடை அளவுக்குக் கொஞ்சம் தள்ளும், அதற்கு மேல் தள்ளாது. ஆகவே தண்ணீர் இறங்கவில்லை. ஆகவே மோட்டார் நிற்கவில்லை. ஆகவே பொன்னுரங்கம் வீட்டுக்குப் போகவில்லை. நூறு கஜ தூரத்தில் அவர் குடிசையின் கூரை ஜன்னலில் தெரிந்தது. சாட்சியை வெளியார் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக கேட்டையும் பூட்டச் சொல்லியிருந்தார்கள். தேவானை தூக்குவாளியைக் கம்பிக்கு இடையில் நுழைத்துக் கொடுப்பாள். கம்பி நெருக்கம் என்பதால் தூக்குவாளியைச் சாய்க்க வேண்டும். ரசம் எப்போதும் பாதிதான் உள்ளே வந்தது.

குழு மாசியில் வந்தது. தலைவர் ஆராவமுதன். மோட்டாரின் பின்பக்கம் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வலப்பக்கமாத்தானே சுத்தறது? ஸ்பஷ்டமாத் தெரியறதே."

பம்பின் பக்கம் நின்றிருந்த சுயம்புலிங்கம் குழம்பினார். "இங்கேருந்து பார்த்தா இடப்பக்கமாச் சுத்துது சார்."

"நீர் ஏன் அங்க நிக்கறீர், நான் இங்க நிக்கறச்சே?"

சுயம்புலிங்கம் இந்தப் பக்கம் வந்தார். இங்கிருந்து அவருக்கும் வலப்பக்கமாகத் தெரிந்தது. மூன்றாவது உறுப்பினர் வெயிலுக்கு ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பதால் அவரும் ஒப்புக்கொண்டார். மோட்டார் வலமாகச் சுற்றுகிறது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வருங்காலத்தில் இப்படிக் கருத்து வேற்றுமை வராமல் இருக்க, மோட்டாரின் பின்பக்கத் தரையில் மஞ்சள் கோடு போட்டு, ‘பார்வையிடும் அதிகாரிகள் இங்கு மட்டுமே நிற்கவும்’ என்று பலகை வைக்கவும் உத்தரவானது.

பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "சார், எந்தாண்ட நின்னு பாத்தாலும் அம்புக்கு எதிராதான் சார் சுத்துது."

ஆராவமுதன் அப்போதுதான் அம்பைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "அப்படீன்னா அம்புதான் தப்பு" என்றார்.

அம்பை மாற்றுவதற்கான அனுமதி கேட்ட அன்றே கிடைத்தது. வாரியத்தில் அது வரை அப்படி நடந்ததில்லை. இரண்டு பேர் உளியும் சுத்தியலும் கொண்டு வந்து, வார்ப்பில் புடைத்திருந்த அம்பை மூன்று நாள் செதுக்கி எடுத்தார்கள். அந்த இடத்தில் எதிர்ப்பக்கம் பார்த்த மாதிரி புதிய அம்பு சிவப்புப் பெயின்டில் வரையப்பட்டது. மோட்டாரும் அம்பும் ஒரே பக்கம் போயின. தண்ணீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கிணற்றின் சுவரில் அடி அளவு குறித்திருந்த பலகையை, தேவையற்ற ஐயங்களைக் கிளப்புவதாகச் சொல்லிக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

சித்திரையில் சொர்ணத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தேவானை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, குழந்தைக்கு மூக்கு யார் மாதிரி என்று சொன்னாள். பொன்னுரங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

மே மாதம் கடைசித் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு வாரியத்திலிருந்து உத்தரவும் வந்தது. ‘விசாரணை நிலுவையில் உள்ளதால், மேற்படியார் ஓய்வு பெற அனுமதி மறுக்கப்படுகிறது. அவர் ஓய்வு பெறாதவராகவே கருதப்படுவார்.’

பொன்னுரங்கம் சுயம்புலிங்கத்துக்குப் போன் செய்து கேட்டார். "குழுதான் எல்லாம் சரின்னு முடிவு பண்ணிடுச்சே சார். அப்பால இன்னா விசாரணை?"

"மோட்டார் மேல விசாரணை முடிஞ்சிட்டு. நீ ஏன் அப்படி எழுதுனேங்கிற விசாரணை இனிமேத்தான் ஆரம்பிக்கணும்" என்றார் சுயம்புலிங்கம். அவர் குரலில் வருத்தம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மூன்று வருடத்தில் ஓய்வு இருந்தது.

ஐப்பசி மழை ஒரு வியாழக்கிழமை பிடித்தது. வெள்ளிக்கிழமை கிணறு விளிம்புக்கு வந்தது. சனிக்கிழமை பள்ளத்தில் கணுக்கால், ஞாயிறு முழங்கால். ஆட்கள் பம்ப் ஹவுஸ் கேட்டின் முன்னால் திரண்டார்கள். சுயம்புலிங்கம் ஜீப்பில் வந்து, இறங்காமல் எழுந்து நின்று பேசினார்.

"எல்லாரும் நல்லாக் கேளுங்க. மோட்டார் சத்தம் கேக்குதா? கேக்குதுல்லா. பத்து மாசமா ஒரு நிமிஷம் நிக்கல. நாட்டுல எந்த மோட்டாரும் இப்படி ஓடினதில்ல. வாரியத்தோட பொறுப்பு ஓட்டுறது. அதை ஒழுங்காச் செய்யுதோம். தண்ணி போகலைன்னா அதுக்கு வாரியம் என்ன செய்யும்? நாங்க மோட்டாருக்குத்தான் ஆபரேட்டர் போட்டிருக்கோம், தண்ணிக்குப் போடல."

"உங்க மோட்டாரு ஓடுது சார். நாங்க எங்க ஓடறது?" என்று கேட்டாள் தேவானை.

ஜீப் பின்பக்கமாகவே போனது. திருப்ப இடம் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் தேவானை இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். தலையில் தகரப் பெட்டி. வீட்டில் இருந்ததில் நனையாமல் மிஞ்சியது அதுதான். அதை கேட்டின் மேல்வழியாக உள்ளே இறக்கினாள். பொன்னுரங்கம் வாங்கி வைத்தார்.

"ரெண்டு ஒயருன்னு சொன்னியே. இப்பவும் ரெண்டுதானா?"

"ரெண்டுதான்."

"அப்பால இன்னாத்துக்குப் பாத்துக்கினு கீற?"

"முத்திரைய ஒடச்சா வேல பூடும்மே."

"அந்த வேலைய வுட்டுத்தான் உன்னைப் போக வுட மாட்டேன்றாங்களே."

பொன்னுரங்கம் அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். பத்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதியில் தண்ணீர் சுவரில் மோதுவது கேட்டது. மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஈய முத்திரை கட்டிங் பிளேயரின் ஒரே கடியில் அறுந்தது. பெட்டிக்குள் கட்டைவிரல் தடிமனில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகள். சிவப்பையும் நீலத்தையும் கழற்றினார். தடித்த கம்பி வளைய மறுத்தது. முழங்காலை முட்டுக் கொடுத்து வளைத்து, இடம் மாற்றிப் போட்டு, நட்டுகளை முறுக்கினார். விரல் ஒன்றில் தோல் பிய்ந்தது. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அரை மணி என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான்.

ஃபியூஸைப் போட்டுக் கைப்பிடியை நகர்த்தினார். முதல் பல்லிலேயே குரல் வேறாக இருந்தது. பாரம் தூக்குகிறவன் மூச்சு மாதிரி அடி வயிற்றிலிருந்து வந்தது. வெளியேற்றும் குழாய் ஒரு முறை உதறி அடங்கியது. பிறகு தண்ணீர் போனது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போனது. கேட்டுக்கு வெளியே தேவானை தன் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருட்டுவதற்குள் பள்ளத்தில் தரை தெரிந்தது. கிணறு அடிமட்டத்துக்கு வந்ததும் பொன்னுரங்கம் விதிப்படி மோட்டாரை நிறுத்திவிட்டு, கேட்டின் மேல் ஏறிக் குதித்து, வீட்டுக்குப் போய் மனைவியோடு சேர்ந்து சேற்றை வாரிக் கொட்டினார்.

மறுநாளே வாரியத்துக்குச் செய்தி போயிற்று. அதிகாரிகள் மஞ்சள் கோட்டில் நின்று பார்த்தார்கள். மோட்டார் இடமாகச் சுற்றியது. வாரியம் ஒருமனதாக ஏற்ற திசைக்கும், சிவப்பு அம்புக்கும் எதிராகச் சுற்றியது. அதாவது, வாரியத்தின் ஆவணப்படி மோட்டார் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தவறாகச் சுற்றியது.

திருப்பி மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆராவமுதன் வேண்டாம் என்றார். அவர் மைத்துனர் வீடு அண்ணாமலைபுரத்தில் நாலாவது தெருவில் இருந்தது. திங்கட்கிழமை சாயந்தரம் அங்கேயும் தண்ணீர் வடிந்திருந்தது.

பொன்னுரங்கத்தை விசாரிக்க வெள்ளைத்துரை என்ற தனி அதிகாரியைப் போட்டார்கள். நீதித்துறையில் பழகியவர், பேச்சில் பதற்றம் கிடையாது. அடுத்த வருடம் ஆடி மாதம் வரைக்கும் பதினொரு முறை விசாரித்தார். ஒவ்வொரு முறையும் பெயர், தகப்பனார் பெயரிலிருந்து தொடங்கினார். பன்னிரண்டாவது முறை காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, காபி வரவழைத்தார்.

"நான் மனசு விட்டுச் சொல்றேன். உங்களைத் தண்டிக்கணும்னா மோட்டார் முன்னே எப்படிச் சுத்துச்சு, இப்ப எப்படிச் சுத்துதுன்னு எழுதணும். முன்னே சுத்தினது சரின்னு மூணு பெரியவங்க கையெழுத்து இருக்கு. இப்ப சுத்துறது சரின்னு தண்ணி சொல்லுது. ரெண்டும் சரியா இருக்கணும். நீங்க இடையில வந்தா ரெண்டுல ஒண்ணு தப்பாயிடும். அதனால நீங்க இடையில வரக் கூடாது."

"புரியல சார்."

"மோட்டார் தானாத் திரும்பிடுச்சு. அதிர்வுல முத்திரை அறுந்து விழுந்துடுச்சு. நீங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்க. நீங்கதானே கண்கண்ட சாட்சி?" அவர் தட்டச்சு செய்த தாளை நகர்த்தினார். "கையெழுத்துப் போட்டா நாளையிலேருந்து ஓய்வு. போடலைன்னா விசாரணை தொடரும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லே. விசாரணைக்கு வயசு கிடையாது. உங்களுக்கு இருக்கு."

"மோட்டார் எப்டி சார் தானாத் திரும்பும்?"

"அது உங்க பிரச்சனை இல்லே. பொறியாளர்கள் விளக்கிக்குவாங்க."

பொன்னுரங்கம் தாளைப் பார்த்தார். பேத்திக்கு ஒன்றேகால் வயது. இன்னும் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டார்.

காஞ்சிபுரத்தில் மூன்று மாதம் நன்றாகத் தூங்கினார். பேத்திக்கு அவரைப் பிடித்துவிட்டது. புரட்டாசி கடைசியில் ஒரு மத்தியானம், கோட்டூர்புரம் ஆற்றங்கரை பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருக்கும் ஹபீபுர் ரஹ்மான் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சுற்றறிக்கை.

ஏழு மோட்டார்களையும் ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே வரைபடத்தை வைத்துப் பொருத்தியிருந்தார். மற்ற ஆறும் அப்போதுதான் மேடையேறியிருந்தன. ஆறும் தலைகீழாகச் சுற்றின. சுற்றறிக்கை சொன்னது: ‘புதிய மின்னோடிகள் தொடக்கத்தில் எதிர்த்திசையில் சுழல்வது இயல்பே. அவை காலப்போக்கில் தாமே திருந்தும் என்பது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. எவரும் அவற்றைத் தொடலாகாது. பொறுமை காக்கவும்.’ கீழே பொன்னுரங்கத்தின் வாக்குமூலமும் கையெழுத்தும் அச்சாகியிருந்தன. ஆராவமுதன் இதைப் பற்றிப் பொறியாளர் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்ததாகவும், பெரிய பேர் வந்திருப்பதாகவும் ஹபீப் சொன்னார்.

"ஆறு எடத்துலயும் இந்தக் காயிதத்த ஒட்டி வெச்சிக்கீறாங்க நைனா. எங்காண்ட முந்நூறு குடிசை. மழைக்கு இன்னும் இருவது நாள்தான் கீது."

"நீ மாத்திப் போடேன். ஒயரு ரெண்டுதானே."

"எனக்கு இன்னும் பதினாலு வருசம் சர்வீஸ் கீது. ஓய்வு பெறாதவன்னு என்னைய வெச்சிக்கினாங்கன்னா?" ஹபீப் தலையைக் குனிந்துகொண்டார். "நீ கையெழுத்துப் போட்டதாலதான் யாரும் தொட மாட்டேன்றாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பொன்னுரங்கம் அன்றைக்கே வாரியத்துக்கு எழுதினார்: ‘நான் சொன்னது பொய். ஒயரை மாத்தினது நான்தான். மோட்டார் தானா திருந்தாது.’ பதில் எட்டே நாளில் வந்தது. ‘தாங்கள் தற்போது வாரிய ஊழியர் அல்லர். ஓய்வு பெற்றோரிடமிருந்து உண்மைகளைப் பெற்றுக்கொள்ள விதிகளில் இடமில்லை. தாங்கள் பணியில் இருந்தபோது கூறியதே இறுதியானது.’

ஐப்பசி இரண்டாம் தேதி அவர் பஸ் ஏறினார். கோட்டூர்புரத்தில் அதிகாரிகள் சாப்பிடப் போகும் ஒரு மணிக்கு ஹபீப் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, எதையும் பார்க்காமல் இருக்க வெளியே போய் நின்றார். ஒன்று நாற்பதுக்கு மோட்டார் திருந்தியது.

வாரியம் மகிழ்ந்தது. ஆராவமுதனுக்கு இரண்டு வருடம் பதவி நீட்டிப்புக் கிடைத்தது. அடுத்த வாரம் சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து ஓர் ஆபரேட்டர் காஞ்சிபுரத்துக்கு வந்தார். அப்புறம் சாந்தோம் குப்பத்திலிருந்து ஒருவர். மோட்டார் ஒவ்வொன்றாகத் திருந்தியது. கட்டுரையில் ஒவ்வொரு பத்தியாகச் சேர்ந்தது.

நான்காவது மோட்டார் முடிந்ததும் பொன்னுரங்கம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தோடு நிறுத்திக்கொண்டால் மீதி மூன்றும் திருந்தாது. திருந்தாவிட்டால் அந்தக் கொள்கை பொய் என்று வாரியத்துக்கே தெரிந்துவிடும். அதற்கு ஒரு மழைக்காலம் போதும். அடுத்து வந்து கூப்பிட்டவரோடு போகாமல் அவர் வீட்டில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மழையில் தேவானை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பள்ளத்துல இந்நேரம் இடுப்பு வந்திருக்கும், அந்த மோட்டாரு இல்லாங்காட்டி" என்று மட்டும் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

எழுபத்தெட்டாம் வருட மழைக்குள் ஏழும் முடிந்தன. கடைசி மோட்டாரை மாற்றிவிட்டு வந்த அன்று, சொர்ணத்திடம் இனி எங்கேயும் போகப் போவதில்லை என்றார். பேத்தியை வரதராஜர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தை பிறந்ததும் ஹபீப் வந்தார். இந்த முறை சுற்றறிக்கை நீளமாக இருந்தது. தாமே திருந்தும் மின்னோடிகளின் வெற்றியைப் பாராட்டி, வாரியம் அதே வகையில் மேலும் இருபத்திரண்டு வாங்கியிருந்தது. அதே வரைபடம், அதே ஒப்பந்தக்காரர். பொருத்தியவுடன் திசை சரிபார்க்கும் பழக்கம் காலவிரயம் என்று கைவிடப்பட்டிருந்தது. எந்தெந்த இடத்தில் என்ற பட்டியல் பின்னால் இணைத்திருந்தது.

தேவானை மோர் கொண்டு வந்து வைத்தாள். பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "எழுவது வயசாயிடுமேய்யா" என்றாள்.

பொன்னுரங்கம் பட்டியலை மடியில் விரித்து, மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, இவற்றில் எந்தெந்த இடம் பள்ளம் என்று ஹபீபிடம் கேட்டார்.